நாக்கில் தொடங்கிய விருந்து

ஐப்பசி 14, வியாழன்

காலை முதல் தூறல். உதகையில் கடுங்குளிர். மிளகு வெந்நீர் இருமுறை. தொண்டை இன்னும் தெளியவில்லை.

பண்பாட்டுக் காப்புக் குழுச் செயலர் போஜன் வந்தார். கைப்பேசியில் ஓர் இணையக் குழுமத்தைக் காட்டினார். பெயர் 'இருள் விருந்து'. வளர்ந்தவர்க்கு மட்டுமாம். பேய்கள் மனிதரைச் சமைத்துண்ணும் கதைகள். 'கரும்பனி' என்ற புனைபெயருக்கே அங்குப் பெருங்கூட்டம்.

"சனிக்கெழம மேடையில கிழிச்சுப் போடோணுங்க ஐயா. திங்கக்கெழம போலீசுல மனு."

படித்தேன். இதற்கா தமிழ்? அதுவும் பிழையற்ற தமிழ்!

செய்ய வேண்டியவை: மனு எழுதுதல். சால்வை சலவை. மனைவி அரசியிடம் சொல்லிச் சுக்கு.

ஐப்பசி 16, சனி

சந்தைத் திடலில் கூட்டம். மூடுபனி. முன்வரிசைக்கு அப்பால் முகங்கள் தெரியவில்லை.

சான்று காட்டாமல் கண்டிப்பது என் வழக்கமன்று. ஆகவே கரும்பனியின் பக்கத்தை ஒலிபெருக்கியில் படித்தேன். ஓயாது பேசும் ஒருவனைப் பேய் உலையில் இடுகிறது. நாக்கில் தொடங்கித் தின்கிறது. ஏற்ற இறக்கம், இடைநிறுத்தம், எல்லாம் தாமாக வந்தன. திடலில் ஓர் இருமல்கூட இல்லை. நிறுத்திவிட்டுக் கண்டனத்திற்குத் திரும்பினேன். பனிக்குள்ளிருந்து ஒரு குரல்:

"அப்புறம் என்னாச்சுங்க? முழுசாப் படிங்க!"

கைதட்டல். என் கண்டனத்திற்கு அதில் பாதியும் இல்லை.

சினம். "எழுதிய கையை முறியுங்கள்!" என முழங்கிவிட்டேன்.

"ஆளைக் காட்டுங்க ஐயா, ஒடைச்சுப் போடறோம்!" முன்வரிசை இளைஞர்கள். விளையாட்டுக்குச் சொன்னதாகத் தோன்றவில்லை.

ஐப்பசி 17, ஞாயிறு

வெயில். அரசி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நல்லாத்தான் படிச்சீங்க. பேய் உப்புப் போடற எடத்துல மட்டும் அவசரப்பட்டுட்டீங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"எழுதுனவளுக்குத் தெரியாதுங்களா?"

கரும்பனி இவளா? என் அரசி! கோயிலில் கூட்டம் என்றால் ஒதுங்கி நிற்பவள்.

"மனிதனைத் தின்பதை எழுத உனக்கு எப்படி மனம் வந்தது?"

"எழுதத்தானுங்க செஞ்சேன். நீங்க மேடையில எத்தன பேரக் கொளுத்தோணும், முறிக்கோணும்னு பேசியிருக்கீங்க? நேத்துப் பசங்க கைய முறிக்கக் கெளம்பிட்டாங்க. என் கதையப் படிச்சு எவனாச்சும் அடுப்புப் பத்த வெச்சானுங்களா?"

அந்த ஓயாப் பேச்சுக்காரன் யார் என்று கேட்டேன். அடுத்த பூண்டை எடுத்தாள்.

மனு மேசைமேல். என் எழுத்து. கடும் நடவடிக்கை கோரி.

ஐப்பசி 18, திங்கள்

மீண்டும் மழை. போஜன் ஜீப்புடன் வாசலில்.

வரவில்லை என்றேன். அவர் விடவில்லை. வேறு வழியின்றி உண்மையைச் சொன்னேன்: "எழுதியவர் வேறெங்கும் இல்லை. என் வீட்டிலேயே இருக்கிறார்."

அவர் கண் கலங்கிவிட்டது. "அடடா! இந்தக் கேடு ஒவ்வொருத்தரு ஊட்டுலயும் இருக்குதுன்னு ஒரே வரியில சொல்லிப்போட்டீங்களே ஐயா! இதையே ஸ்டேசன்லயும் சொல்லுங்க!"

"உவமை இல்லை, போஜன். உண்மை."

"ஆஹா!" என்றார்.

கம்பளிப் போர்வையுடன் அரசி வெளியே வந்தாள்.

"ஏனுங்க தம்பி, எழுதுனவளுக்கும் ஜீப்புல எடம் இருக்குதுங்களா?"