நான்காம் பாகத்தில் ஒரு வரி

வசனகர்த்தா அவர்களுக்கு,

நான் நலம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியோடு எல்லாரையும் அதட்டிக்கொண்டிருக்கிறார். நீங்களும் உங்கள் அண்ணன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பத்து நாளாக எத்தனை முறை போன் செய்தாலும் நீங்கள் எடுப்பதில்லை. அதனால் ரிசப்ஷன் அக்காவைக் காக்கா பிடித்து, உங்கள் அண்ணனின் பெயிண்ட் கடை முகவரியை வாங்கி எழுதுகிறேன். கடிதத்தை அவர் பிரித்துவிட்டால் அது உங்கள் பாடு.

ஆபீஸில் என்ன நடந்தது என்று உங்களுக்குப் பாதிதான் தெரியும். மீதியை நான் சொல்கிறேன்.

நான் லீவில் இருந்தபோதுதான் நாம் டப்பிங் செய்யும் ஜப்பானியத் தொடரின் பதினோராம் பாகம் வெளியானது. நாயகனுக்கு முதல் பாகத்திலேயே மனசு போய்விடுகிறது, நாயகிக்குப் பதினோராம் பாகத்தில்தான் அது தெரியவருகிறது. அந்த அனிமேயில் கதை என்று இருப்பதே அவ்வளவுதான். அதில் அவள், "நீ எதுக்கு தினமும் இங்க வந்த?" என்று அதிசயமாகக் கேட்கிறாள். நம் தமிழ் டப்பிங்கில் அவன் அதை நான்காம் பாகத்திலேயே சொல்லிவிட்டான். கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது, மூலத்தில் அவன் சொல்வது மழை விட்டுவிட்டது, கிளம்பலாம் என்று. நீங்கள் எழுதியது, "உன்கூட நிக்கத்தான் தினமும் இங்க வர்றேன்." பக்கத்தில் நிற்கிறவளுக்குக் காது கேட்காதா என்று பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். படம் கொடுத்த கம்பெனியும் காரணம் கேட்டது.

நான் திரும்பி வந்தபோது உங்கள் மேஜை துடைத்து வைத்திருந்தது. மேனேஜர் என்னை உட்காரச் சொல்லி, கவலைப்பட வேண்டாம், என்மேல் தப்பில்லை என்றார். நான் சரிபார்த்து முடித்த பிறகு, ஒலிப்பதிவு அறையில் நீங்களாகவே அந்த வரியை மாற்றிவிட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டு, வேலையையும் விட்டுப் போய்விட்டீர்களாம்.

அது பொய். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நான் பச்சை மையில் டிக் போட்டால்தான் அது மைக்குக்குப் போகும். மூன்று வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உங்கள் வரிகளை வெட்டியவள் நான். இரண்டாம் பாகத்தில் நீங்கள் கூடுதலாகப் போட்ட ஒரு 'பாவம்' கூட என்னிடம் தப்பவில்லை. இந்த வரியை மட்டும் நான் பார்க்காமல் விட்டேன் என்றா நினைத்தீர்கள்? பழியைத் தூக்கி உங்கள் தலையில் போட்டுக்கொள்ளுமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்த விஷயத்தில் எனக்கு உங்கள்மேல் கோபம்தான். மறைக்கவில்லை.

நான்காம் பாகத்தின் வசனத் தாளை அலமாரியிலிருந்து எடுத்துவந்து மேனேஜர் முன்னால் வைத்தேன். அந்த வரிக்குப் பக்கத்தில் என் டிக் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மூலத்துல இல்லன்னு தெரிஞ்சும் ஏம்மா விட்டீங்க?"

"படிச்சேன் சார். பிடிச்சிருந்தது. வெட்ட மனசு வரல."

அவர் எனக்கு ஒரு மெமோ கொடுத்தார். வாழ்க்கையில் முதல் மெமோ.

டிக் போட்டபோது நல்ல வரி என்று மட்டும்தான் நினைத்தேன். சத்தியமாக அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை. மெமோ வாங்கிய மறுநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் தனியாக நின்றபோதுதான் மண்டையில் உறைத்தது. உங்கள் வீடு எதிர்த்திசையில் இருக்கிறது. அந்த ஸ்டாப்பில் நிற்கிற ஒரு பஸ்ஸும் உங்கள் பக்கம் போகாது. இரண்டு வருஷமாக தினமும் என்னோடு அங்கே வந்து நின்றுவிட்டு, மூட்டுவலிக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர் என்று ஒரு கதை விட்டீர்கள், நானும் நம்பி, அம்மாவிடம் கேட்டுத் தைலமெல்லாம் வாங்கிக் கொடுத்தேன். இவ்வளவு மக்காக இருந்ததற்கு என்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு மூன்று பஸ்ஸை விட்டேன். அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன், ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது.

இனி வேலை விஷயம். நான்காம் பாகத்தைத் திருத்தி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். தாளைப் பார்த்த பிறகு மேனேஜர் உங்கள் ராஜினாமாவை மேலே அனுப்பாமல் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறார். வியாழக்கிழமை நீங்கள் வந்து உட்கார்ந்தால் கிழித்துவிடுவதாகச் சொன்னார். வராவிட்டால் வெளியிலிருந்து வேறு ஆளைப் போடுவார். அதற்கிடையில் என்னை எழுதிப் பார்க்கச் சொன்னார். மழை விட்டுவிட்டது என்பதை ஒன்பது விதமாக எழுதினேன். நாயகனுக்குக் குரல் கொடுக்கிறவர் ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டு, வானிலை அறிக்கை மாதிரி இருக்கிறது என்றார். எனக்கு வெட்டத்தான் தெரியும். அந்தப் பையன் மழையைப் பற்றி மட்டும் பேசவேண்டும், ஆனால் கேட்கிறவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிட வேண்டும். அது உங்களுக்குத்தான் வரும்.

அண்ணனிடம் வேலைக்காகப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளுங்கள். என்னிடம் அப்படிச் சொல்லிக்கொண்டு வர வேண்டாம். நீங்கள் இரண்டு வருஷம் முந்திக்கொண்டீர்கள்; நான் வந்து சேர்ந்தபோது உங்களைக் காணவில்லை. நீங்கள் எப்படி அத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தீர்களோ தெரியாது. எனக்குப் பத்து நாளே தாங்கவில்லை. கிளம்பி வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சரிபார்ப்பாளர்