ஒரே கணக்கில் இரண்டு போன்

என் ஸ்டெல்லாக்கா,

நீ போய் எட்டு மாசம் ஆகிறது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குள் நடந்து போனவள், ஆறாம் நாள் பெட்டியில் வந்தாய். அதைப் பேச எனக்கு இனித் தெம்பில்லை. அதற்கப்புறம் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். உன்னை விட்டால் நான் யாரிடம் சொல்ல?

அம்மா படுக்கையில் விழுந்தபோது நீ செய்த ஏற்பாடு ஞாபகம் இருக்கா? நீ திண்டுக்கல்லில், நான் வேடசந்தூர் மில்லில். ஸ்கேன் ரிப்போர்ட்டை நானும் உடனே பார்க்கணும் என்று உன் கிளவுட் கணக்கையே என் போனிலும் போட்டுவிட்டாய். "நீ எடுத்தா எனக்கு வரும், நான் எடுத்தா உனக்கு வரும். அனுப்பு அனுப்புன்னு இனிக் கெஞ்ச வேணாம்ல" என்றாய். அம்மா போன பிறகும் நாம் அதை மாற்றவில்லை. உன் மகள் ஜெனி பல் விழுந்த வாயோடு சிரிப்பதை மில் பஸ்ஸில் நின்றபடியே பார்த்துவிடுவேன்.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து மூன்று வாரம் இருக்கும். காலை ஷிப்டுக்குப் போகும்போது போன் அதிர்ந்தது. உன் போனிலிருந்து புதுப் படங்கள். ஒரு நிமிஷம் நீதான் என்று நினைத்துவிட்டேன், அக்கா.

திறந்தால் யார் வீட்டு ஹாலோ. தட்டில் பூ, பழம். பச்சைச் சேலையில் ஒரு பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் உன் மாமியாருக்கு வாயெல்லாம் பல். மாமா, உன் புருசன், பெண் பார்க்கப் போயிருக்கிறார். படத்தை உன் போனிலேயே எடுத்திருக்கிறார்.

நான் கேட்கவில்லை. பத்து வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த மனுசன் தனியாக என்ன செய்வார் என்று ஊரே சொன்னது. சரிதான். ஆனால் உன் கல்லறை மண் காயும் வரைக்குமாவது பொறுத்திருக்கக் கூடாதா?

அதோடு நான் அந்தப் பக்கமே போகவில்லை. வயிறெரிந்து போய்ப் படங்களைத் திறக்காமலே இரண்டு மாசம் விட்டேன். அந்த இரண்டு மாசம்தான் இன்னும் என்னைத் தின்கிறது.

கல்லறைத் திருநாளுக்கு உன் படம் ஒன்றைப் பெரிதாகப் போடலாம் என்று திறந்தேன். நீ இல்லை. வேளாங்கண்ணி போனது இல்லை. ஜெனி முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படங்கள் இல்லை. மாமாவுக்குப் போன் போட்டேன்.

"போன்ல இடம் இல்லம்மா. வீட்டுக்கு ஒருத்தி வரப்போறா, பாத்தா சங்கடப்படுவால்ல. அதான் எடுத்துட்டேன். உன் போன்லதான் அம்புட்டும் இருக்குமே."

"ரெண்டும் ஒரே கணக்கு மாமா. அங்க அழிச்சா இங்கயும் போயிரும்."

"எனக்கென்ன தெரியும்? சரி விடு. பிள்ளையும் போட்டோவையே பாத்துப் பாத்து அழுகுறா. ஒரு வகையில நல்லதுதான்."

நல்லதாம். பதினொரு வருசம் அவருக்குச் சோறு போட்டாயே அக்கா, இதுதானா?

மில் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற சுமதியிடம் ஓடினேன். "அழிச்சது ஒரு மாசம் போல குப்பையில கெடக்கும்க்கா, பாப்போம்" என்றாள். படங்கள் பெரும்பாலும் கிடைத்தன. வீடியோ ஒன்றுகூட இல்லை. "பெரிய ஃபைலாப் பாத்து மொதல்ல அழிச்சிருக்காங்க. நாள் தாண்டிருச்சுக்கா" என்றாள்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் மாஸ்க்கை இறக்கிவிட்டு நீயே எடுத்தாயே, "ஜெனிக்குட்டி, ஒழுங்கா சாப்டுறியா, அம்மா ஞாயித்துக்கிழமை வந்துருவேன்" என்று. ஜெனிக்கு அதை யாரும் காட்டவே இல்லை, அதுவும் போய்விட்டது. அடக்கத்தன்று பிள்ளை பெட்டியைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "அம்மா உன்கிட்டப் பேசின வீடியோ இருக்கு, அழுகை நின்னதும் காட்டுறேன்" என்று சொல்லித்தான் அவளை அங்கிருந்து தூக்கினேன். உன் குரல் இனி எங்கேயும் இல்லை.

தை கடைசியில் மாமாவுக்குக் கல்யாணம் நடந்தது. ஜெனிக்காகப் போனேன். கோயில் வாசலில் என் கையைப் பிடித்தாள்.

"சித்தி, நான் இப்பல்லாம் அழுகுறதில்ல. அந்த வீடியோவக் காட்டு."

மாமா இரண்டடி தள்ளி மாலையோடு நின்றார். அவர் காதில் விழுந்தது. என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"தெரியாம அழிச்சுட்டேன்டா," என்றேன். "நான்தான்."

கையை உருவிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை. உன் போனுக்குக் கூப்பிட்டால் மாமாதான் எடுக்கிறார். "அவளுக்கு உன் மேல கோவம்மா" என்கிறார், கொஞ்சமும் கூசாமல்.

கிடைத்த படங்களை ஒரு டிஸ்க்கில் ஏற்றிப் பீரோவில் பூட்டிவிட்டேன். உன் கணக்கை என் போனிலிருந்து எடுத்தும் விட்டேன். அவர்கள் வீட்டு விருந்துப் படம் எனக்கு எதற்கு?

ஜெனிக்கு விவரம் தெரிந்ததும் டிஸ்க் அவள் கைக்குப் போகும். வீடியோவை யார் அழித்தது என்று அன்றைக்கும் சொல்ல மாட்டேன். அவளுக்கு மிச்சம் இருப்பது ஒரு அப்பன்தான். அவரை நான் மன்னிக்கவும் மாட்டேன். இந்த இரண்டையும் சாகும்வரை காப்பாற்றுவேன், அக்கா.

உனக்குப் பின் பிறந்தவள்,
ரீட்டா