அவர் குரலில் நான் வெட்டியது

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

இன்று பத்தொன்பதாவது எபிசோடு. 'சூடு ஆறட்டும்' பாட்காஸ்ட் தொடங்கி ஒரு வருடம் ஆகப்போகிறது. என் வீட்டுக்காரர் மட்டும் இன்னும் மைக்கைக் கண்டால் வேறு ஆளாகிவிடுகிறார்.

இடம் வழக்கம்போல் செராமிக் பேட்டையில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்க்கும் பீங்கான் பொம்மைக் கம்பெனியின் அச்சு அறை. இவர் சூளையில், நான் பேக்கிங்கில். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஈ காக்கை இருக்காது. சுவர் முழுக்க பொம்மை வார்க்கும் பிளாஸ்டர் அச்சுகளை அடுக்கியிருப்பதால் எதிரொலியும் வராது.

வண்டியில் போகும்போது சூளைக் கதை சொல்லிக்கொண்டே வந்தார். சூடு ஆறுவதற்குள் யாரோ அவசரப்பட்டுக் கதவைத் திறந்து, பொம்மையெல்லாம் விரிசல் விட்டு, மேஸ்திரி முழித்த முழி. சிரித்து வயிறு வலித்தது எனக்கு. அறைக்குப் போனதும் பட்டனை அழுத்திவிட்டு, வடை தின்று முடித்தபின் அதையே மைக்கில் சொல்லுங்கள் என்றேன். தொண்டையைச் செருமினார். "அன்பார்ந்த நேயர்களே, சூளையின் வெப்பநிலையானது படிப்படியாகக் குறைக்கப்பட வேண்டும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

தெரிவித்துக்கொள்கிறோமாம். என்ன செய்வது, பழக்கதோஷம். மாசி மகத்துக்கு வருடா வருடம் கோயில் வாசலில் மைக் பிடிப்பவர். காணாமல் போன பிள்ளை, தவறவிட்ட பர்ஸ், நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திய வேன் எல்லாம் இவர் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். மைக் என்றால் எதிரே பத்தாயிரம் பேர் நிற்பதாக நினைப்பு. எங்களைக் கேட்பவர்களோ எண்பது பேர்.

சாயங்காலம் எடிட்டிங். இருமல், சிரிப்பு, 'வந்து', 'அந்த', நடுவில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். சுத்தமாக வந்திருக்கிறது.

5 பிப்ரவரி

அமீர் நிஷா போன் செய்தாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து சிநேகிதி. கடைவீதியில் துணிக்கடை, வீட்டுக்காரர் ஷபியுல்லா குவைத்தில். "ஏண்டி பானு, நானும் ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். புருசன் வெளிநாட்டுல இருக்க, பேங்கு, ஸ்கூலு, போர்செட்டுன்னு ஒண்டியா அல்லாடுறவளுங்களுக்கு. என்னா என்னா வாங்கணும் சொல்லு."

ஒன்றும் வாங்காதே என்றேன். சட்டையில் குத்துகிற சின்ன மைக்கும் போனும் போதும். துணிக்கடைக்காரிக்கு ஸ்டுடியோ எதற்கு, புடவைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தாலே எதிரொலி அடங்கிவிடும். ஃபேனை நிறுத்து. யாரும் பேசாமல் அரை நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்துகொள், பின்னால் ஒட்டுப்போட உதவும். நீ யார் என்று ஐந்து நிமிடம் அறிமுகம் கொடுக்காதே, நேராக விஷயத்துக்கு வா. ஊருக்கே பேசாதே, ஒரே ஒரு ஆளுக்குப் பேசு. யாருடைய பேச்சைப் போடுவதானாலும் அவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடு.

"கெட்ட ரெக்கார்டிங்கு எப்புடி இருக்கும்னு ஒண்ணு அனுப்புடி. கேட்டாத்தான் வெளங்கும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பதிவில் முதல் நாலு நிமிடத்தை அனுப்பினேன். பதிவு இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து இவர் பாட்டுக்கு வளவளவென்று பேசிக்கொண்டிருந்த பகுதி. 'இப்படி இருக்கக் கூடாது' என்று கீழே எழுதினேன். எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

23 பிப்ரவரி, ஞாயிறு

போன் நிறைந்துவிட்டது. வெட்டாத பழைய பதிவுகளையெல்லாம், வாட்ஸப்பில் கிடந்ததையும் சேர்த்து, அழித்தேன். இனி ஏற்றிய கையோடு அழித்துவிட வேண்டியதுதான். ஏற்றிய எபிசோடுகள்தான் இருக்கின்றனவே.

13 மார்ச்

நேற்று மாசி மகம். பகல் முழுக்க மைக்கில் கத்திவிட்டு வந்தவர், இன்று சொம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் குடிக்கும்போது பார்த்தேன். கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. "சூளை சூடுதான், வுடு" என்றார். இவருக்கு எல்லாவற்றுக்கும் சூளை சூடுதான் காரணம். நான் விடவில்லை.

24 மார்ச்

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி. தைராய்டு கட்டி, எடுத்துவிட வேண்டும். டாக்டரம்மா காகிதத்தில் படம் போட்டே காட்டினார். குரலுக்கான நரம்பு நூல் மாதிரி கட்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறதாம். "குரல் மாறலாம், மாறாமலும் இருக்கலாம். முன்கூட்டியே சொல்லிடறேங்க."

"உயிருக்கு ஒண்ணும் இல்லீங்களே?" என்று இவர் கேட்டார். இல்லை என்றதும் நிம்மதியாகிவிட்டார். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கினார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. கை, கால், கண் போகும் என்று பயந்திருக்கிறேன். குரல் என்பதும் போகக்கூடிய ஒன்று என்று இத்தனை வருடத்தில் நினைத்ததே இல்லை.

30 மார்ச், ஞாயிறு

இருபத்திரண்டு எபிசோடையும் வரிசையாகக் கேட்டேன். ஒன்றிலும் இவர் இல்லை. கோயில் வாசல் அறிவிப்பாளர்தான் இருக்கிறார். தெருமுனையிலேயே "பானு, கதவத் தொற" என்று சத்தம் போடுகிறவர் எங்கே? குழம்பில் உப்பு குறைந்தால் "இன்னைக்கு உப்புக்கு லீவா" என்று கேட்கிறவர்?

எல்லாம் நான் வெட்டினது. வெட்டினதையும் அழிச்சாச்சு. சுத்தம், சுத்தம்னு — என்னா சுத்தம் வேண்டிக் கெடக்குது எனக்கு? அந்தச் சிரிப்பு அங்க இருந்தா யாருக்கு என்னா நஷ்டம்? அறிவு இருக்குதா எனக்கு?

போனை எதிரே வைத்து, "சும்மா எதையாவது பேசுங்க" என்றேன். போனைப் பார்த்தார், செருமினார். "அன்பு மனைவி பானுமதி அவர்களின் கவனத்திற்கு..." சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. போனை ஒளித்துவைத்துப் பதிவு செய்யலாமா என்றுகூட நினைத்தேன். கேட்காமல் செய்யாதே என்று நிஷாவுக்குச் சொன்னவள் நான். செய்யவில்லை.

8 ஏப்ரல்

ஆபரேஷன். ஏழரைக்கு இவரை உள்ளே அழைத்துப்போனார்கள். "டீ குடிச்சிட்டு உக்காரு" என்றார்.

13 ஏப்ரல்

கட்டியில் கெட்டது ஏதும் இல்லை. அதற்கே ஆயிரம் கும்பிடு போட வேண்டும்.

குரல் வரவில்லை. காற்றுதான் வருகிறது, காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் வருமே, அதுபோல. அதற்குள் வார்த்தையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆறு மாதம் பயிற்சி செய்தால் கொஞ்சம் தேறலாம், பழையபடி வரும் என்று சொல்ல முடியாது என்கிறார்கள். கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், சாமிக்கு முறையீடாகப் பிராது எழுதிக் கட்டிவிட்டு வந்தேன். நம் பக்கத்து ஜனங்களுக்கு வேறு எந்த கோர்ட் இருக்கிறது? 'என் வீட்டுக்காரர் கலியமூர்த்தியின் குரலைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது' என்று எழுதினேன். எழுத்து கோணல்மாணலாகப் போனது.

1 மே

லீவு நாள். திருச்சி ஹாஸ்டலிலிருந்து மகள் இளமதி போன் செய்தாள். பரீட்சை முடியட்டும் என்று குரல் போனதை அவளிடம் நாங்கள் சொல்லவில்லை. இவர்தான் எடுத்தார். "ஹலோ, யாருங்க பேசறது? அப்பா இல்லீங்களா?" என்று அவள் கேட்டது எனக்கே கேட்டது. போனை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். விஷயம் புரிந்ததும் அவள் அங்கே ஓவென்று அழுகிறாள்.

9 மே

ஒன்பது நாளாக வாயைத் திறக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அடுப்படியில் இருக்கும் எனக்கு வாட்ஸப்பில் 'டீ' என்று அனுப்புகிறார்.

18 மே, ஞாயிறு

நிஷாவின் முதல் எபிசோடு வந்துவிட்டது. குடும்ப அட்டையில் பேர் சேர்க்க அவள் அலைந்த கதை. அவ்வளவு நன்றாக இருக்கிறது. பாராட்டிவிட்டு வரலாம் என்று கடைக்குப் போனேன். பேச்சுவாக்கில் சொன்னாள்: "நீ அனுப்புன கெட்ட ரெக்கார்டிங்கு இன்னும் எங்கிட்டதான் இருக்குது. கவலையா இருந்தா போட்டுக் கேட்டுச் சிரிப்பேன்டி."

அனுப்பியதையே நான் மறந்துபோயிருந்தேன். அங்கேயே புடவைக் கட்டுமேல் உட்கார்ந்து கேட்டேன். "வடை எத்தினி வாங்கியாந்த? நாலுதானா? அப்ப உனக்கு? ... ஏய், அந்த செவப்பு லைட்டு எரியுதா என்னா? எரியலன்னா நிம்மதியா பேசலாம்." பிறகு அந்தச் சிரிப்பு. ஆறு தடவை கேட்டேன். நிஷா கடையில் இரண்டு பேர் ஜாக்கெட் துணிக்குக் காத்திருந்தார்கள். அவர்களை உட்காரவைத்துவிட்டு அவள் ஃபேனை நிறுத்தினாள்.

அதை என் போனுக்கு அனுப்பச் சொல்லி, வீட்டுக்கு ஓடிவந்து இவருக்குப் போட்டுக்காட்டினேன், பெரிய பரிசு கொண்டுவந்தவள் மாதிரி. கால் நிமிடம் நின்று கேட்டார். "என்னக் கேக்காமயா நிஷாவுக்கு அனுப்புன?" காற்றாகத்தான் வந்தது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. "போன்ல இருக்குற இவன நல்லா வச்சிக்கோ. நான் போயி மோட்டார் போடறேன்."

27 மே

பேக்கிங் செய்யும்போது இயர்போனில் அதைத்தான் கேட்கிறேன். வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, வடை எத்தினி, வடை எத்தினி. இன்று தலையை நிமிர்த்தினால் இவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை.

1 ஜூன், ஞாயிறு

சண்டை. நான்தான் ஆரம்பித்தேன், ஏன் ஊமை மாதிரி இருக்கிறீர்கள் என்று. சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை.

ஆபரேஷனுக்குப் பிறகு இவர் இவ்வளவு பேசியது இன்றுதான். மூச்சு வாங்கி வாங்கி, நிறுத்தி நிறுத்தி: "நான் வாயத் தொறந்தா நீ கண்ண மூடிக்கிற. எப்புடி வருதுன்னுதான் பாக்குற. என்னா சொல்றேன்னு கேக்குறதில்ல. வெள்ளிக்கெழம சூளையில ரெண்டு டிராலி சரக்கு சரிஞ்சிது. வந்து சொன்னேன். உனக்குத் தெரியுமா?"

தெரியாது. சொன்னது ஞாபகம் இருக்கிறது, உதடு அசைந்தது ஞாபகம் இருக்கிறது. நான் வேறொரு குரலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு மனுஷர் உயிரோடு உட்கார்ந்திருக்க, நான் போனில் நாலு நிமிடத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

"தப்புதாங்க. கேக்காம அனுப்புனதும் தப்புதான்" என்றேன். "இப்ப சொல்லுங்க. எப்புடி சரிஞ்சிது?"

முதலில் முறைத்தார். பிறகு சொன்னார். அரை மணி நேரம் ஆனது. நான் கண்ணை மூடவில்லை.

15 ஜூன், ஞாயிறு

அச்சு அறைக்கு அவராகவேதான் வண்டியை விட்டார்.

சின்னக் குரலுக்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. மைக்கைச் சட்டையிலிருந்து எடுத்து, வாய்க்கு நாலு விரல் தள்ளி, கன்னத்துப் பக்கம் ஓரமாகப் பிடித்தேன். பேசும்போது சத்தத்தைக் கூட்டச் சொல்லக் கூடாது. பதிவின் அளவைத்தான் கூட்ட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வெந்நீர்.

செருமினார். "அன்பார்ந்த..." என்று ஆரம்பித்தார். பாதியிலேயே காற்றாகப் போய்விட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் சிரித்தார். "சரி வுடு. பானு, அந்த டிராலி சரிஞ்ச கதையவே சொல்றேன், கேளு."

இருபது நிமிடம், வீட்டில் பேசுகிற மாதிரியே. எனக்குச் சொன்னார், எனக்கு மட்டும். முடித்ததும் முழுக்கப் போட்டுக்காட்டி, ஏற்றலாமா என்று கேட்டேன். "ஒரு எடத்துல இருமிட்டேன்" என்றார். பிறகு அவரே, "இருக்கட்டும்" என்றார்.

22 ஜூன்

நெய்வேலியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: 'பழைய அறிவிப்பாளர் அண்ணன் எங்கே? புதிதாக வந்திருப்பவர் நன்றாகக் கதை சொல்கிறார், இவரையே வைத்துக்கொள்ளுங்கள்.' காலையிலிருந்து இவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. "பழைய ஆள நிறுத்திட்டோம்னு எழுது" என்கிறார்.

20 ஜூலை, ஞாயிறு

நிஷாவுக்கு ஒரு மாதமாக ஒரே சந்தேகம், எடிட்டிங்கில் எதை வெட்டுவது எதை விடுவது என்று. எனக்குத் தெரியவில்லை என்றேன். வெட்டு, ஆனால் அழிக்காதே, இரண்டு இடத்தில் பத்திரமாக வை என்றேன். "அஞ்சு மாசம் முன்னாடி எல்லாம் தெரிஞ்சவளாட்டம் பேசுன" என்றாள் கழுதை.

அப்படியே கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராதை வாபஸ் வாங்கினேன். "கொறை தீந்துதாம்மா?" என்று அங்கிருந்தவர் கேட்டார். தீர்ந்தது என்றேன். பொய் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

14 செப்டம்பர், ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண்ணயர்ந்தேன். கனவில் ஸ்ரீமுஷ்ணத்தில் அம்மா வீடு. எனக்கு இருபது வயது, கல்யாணம் பேசி முடித்திருக்கிறது. கருகருவென்று மீசை வைத்துக்கொண்டு இவர் வாசலில் நின்று "பானு" என்று கூப்பிடுகிறார். நான் ஓடுகிறேன்.

எழுந்தால் நிஜமாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தார், டீத்தூள் எங்கே என்று. அடுப்படிக்குப் போகும்போதுதான் உறைத்தது. கனவிலும் இந்தக் காற்றுக் குரலில்தான் கூப்பிட்டார். அந்த வயதில் அவருக்கு ஏது இந்தக் குரல்? கனவில் எனக்கு அது தோன்றவே இல்லை.