மூன்றாவது அறையில் இருந்த பையன்

செப்டம்பர் 12, புதன்

நூலகக் கூரை மறுபடியும் ஒழுகுகிறது. புவியியல் அலமாரிக்கு முன்னால் வாளி வைத்தேன். நான்காம் படிவப் பிள்ளைகளுக்கு இன்று ஆய்வு வேலை தொடங்கியது. ஊரில் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று சான்றாவது வேண்டும், அதில் ஒன்று அந்தக் காலத்திலேயே எழுதியதாக இருக்க வேண்டும் என்றேன். பாதிப் பேர் வாழைத்தோட்டம் என்றார்கள், மீதிப் பேர் கிரிக்கெட். எடாலின் ஜூலியன் மட்டும் கை தூக்கினாள்.

"மிஸ், நான் பெரும்புயலை எடுத்துக்கறேன். உங்க வீட்டுக்காரரைப் பேட்டி எடுக்கலாமா?"

வகுப்பு சிரித்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரன் ஹெஸ்கெத்தின் கதை இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், அந்தப் புயலின்போது அவனுக்குப் பதினைந்து வயது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒபீலியாவின் வீடு இடிந்து அவள் செத்துப்போனாள். அவளுடைய இரட்டைக் குழந்தைகளை முதுகில் ஒன்று, மார்பில் ஒன்று என்று கட்டிக்கொண்டு வெள்ளத்தைக் கடந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தவன் அவன். ஒவ்வொரு சுதந்திர வாரமும் அவனை மேடையில் ஏற்றுகிறார்கள். அந்த மேடையில்தான் நானும் அவனை முதலில் பார்த்தேன்.

செப்டம்பர் 18, செவ்வாய்

எடாலின் வீட்டுக்கு வந்தாள். ஹெஸ்கெத் ஆள் ஏற்றும் தன் வேனை நிறுத்திவிட்டுக் கைகால் கழுவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். வழக்கம்போல அழகாகச் சொன்னான்.

"பாலத்துக்கு மேல் பக்கமா கடந்தீங்க, கீழ் பக்கமா?" என்று கேட்டாள்.

"மேல் பக்கம்." கொஞ்சம் பொறுத்து, "இல்ல, கீழ்ப்பக்கம். அந்த மழையில யாரு பார்த்தா?"

அவள் இரண்டையும் எழுதிக்கொண்டாள். நல்ல பிள்ளை. நான்தானே சொல்லிக்கொடுத்தேன், சொன்னதை அப்படியே எழுது என்று.

செப்டம்பர் 20, வியாழன்

எழுதவே கை வரவில்லை.

பழைய தொடக்கப்பள்ளியை மூடியபோது அதன் பதிவேடுகளை எங்கள் நூலகத்தில் கொண்டுவந்து போட்டார்கள். எடாலினுக்காக இன்று பெட்டியைத் திறந்தேன். புயலின்போது பள்ளிக்கூடம்தான் புகலிடம். தலைமையாசிரியர் பட்டிஸ்ட் மூன்று நாளும் மணிவாரியாக எழுதியிருக்கிறார். நனைந்து காய்ந்த தாள், ஆனால் எழுத்து தெளிவு.

"மாலை 4.20. ஈனா பியரோ, வயது 17, ஆற்றைக் கடந்து வந்தாள். ஒபீலியாவின் இரு குழந்தைகளுடன். மூவரும் உயிருடன். பெண்ணின் கால் எலும்பு தெரியக் கிழிந்திருக்கிறது."

அதே பக்கத்தில், கீழே:

"அறை 3. திருமதி லவில், மகன் ஹெஸ்கெத். காலையிலிருந்து. பையன் மிகவும் பயந்திருக்கிறான். மேசைக்கடியை விட்டு வெளியே வர மறுக்கிறான்."

ஆறேழு முறை படித்தேன். ஈனா பியரோ. பள்ளி வாசலில் உப்புமீன் வைத்த ரொட்டி பொரித்து விற்கிறாளே, அந்த ஈனா. ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறவள். பதினொரு வருஷமாகத் தினமும் அவளிடம் வாங்கித் தின்கிறேன். அந்தக் கால் எப்படி அப்படி ஆனது என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

செப்டம்பர் 21, வெள்ளி

"பதிவேடு கிடைச்சுதா மிஸ்?" என்று எடாலின் கேட்டாள்.

"பைண்டிங்குக்கு ரோசோ அனுப்பியிருக்கு. வர நாளாகும்."

தலைநகரில் இருக்கிறது என்ற பொய் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

செப்டம்பர் 24, திங்கள்

பதிவேடு என் கைப்பைக்குள் இருக்கிறது. பள்ளிக்கும் வீட்டுக்கும் சுமந்துகொண்டு அலைகிறேன். எங்கே வைத்தாலும் யாரோ எடுத்துவிடுவார்கள் என்று தோன்றுகிறது.

செப்டம்பர் 27, வியாழன்

நாலு நாளாகப் பின்வாசல் வழியாகப் போகிறேன். இன்று ஈனா பிடித்துக்கொண்டாள். "என்ன டீச்சர், என் ரொட்டி கசக்குதா? இல்ல, மெலியப் போறீங்களா?" வயிறு சரியில்லை என்றேன். இஞ்சி போட்டுக் குடிக்கச் சொன்னாள்.

இன்று மூன்றாம் படிவத்துக்கு வாசிப்பு வகுப்பு. சான்று என்றால் என்ன என்று பலகையில் எழுதினேன். பிறகு உடனே அழித்துவிட்டேன். ஏன் அழித்தேன்?

அக்டோபர் 2, செவ்வாய்

கேட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஆற்றோரம் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் யாரும் இல்லை. பதிவேட்டைத் திறந்து நீட்டினேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். படித்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"பட்டிஸ்ட் இதையெல்லாமா எழுதிவெச்சாரு?"

"பொய்யா, ஹெஸ்கெத்?"

"நான் பொய் சொல்லல. மொதல்ல சொல்லல." வேனின் படியில் உட்கார்ந்தான். "மூணாம் நாள் பத்திரிகைக்காரன் வந்தான். குழந்தைங்க என் மடியில இருந்துச்சு. அம்மாதான் பார்த்துக்கிட்டிருந்தா. நீயா தம்பி தூக்கிட்டு வந்தேன்னு கேட்டான். நான் வாயத் தெறக்கறதுக்குள்ள அம்மா ஆமான்னுட்டா. போட்டோ எடுத்துட்டான்."

"ஈனா?"

"ஆஸ்பத்திரில கெடந்தா. ஆறு வாரம்."

"அவ திரும்பி வந்தப்ப?"

மறுபடி வாளியை எடுத்தான். கழுவிய கண்ணாடியையே திரும்பத் திரும்பக் கழுவினான்.

மேசைக்கடியில் ஒளிந்த பையனை நான் வெறுக்கவில்லை. பயந்தால் யாரும் ஒளிவார்கள். ஆனால் நாற்பத்து மூன்று வயசு ஆம்பிளை, வருஷா வருஷம் மேடையேறி — எப்படிடா முடிஞ்சது உன்னால? அவ ரொட்டியைத் தின்னுக்கிட்டே?

நான் மட்டும் என்ன? ஒளித்து வைத்திருப்பது யார்?

அக்டோபர் 5, வெள்ளி

சேம்பு வேகவைத்தேன். அவன் ஒரு பக்கம் தின்றான், நான் ஒரு பக்கம்.

அக்டோபர் 8, திங்கள்

இன்றைய நாளை மறக்க மாட்டேன்.

மதிய இடைவேளையில் எடாலின் என் மேசைக்கு வந்து மெதுவாகப் பேசினாள். "மிஸ், சனிக்கிழமை சித்திகூட ரோசோ போனேன். பைண்டிங் கடைலயும் போய்க் கேட்டேன். அப்படி ஒரு புத்தகம் வரவே இல்லன்னாங்க."

கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

"தொலைஞ்சு போச்சா மிஸ்? கவலைப்படாதீங்க. நான் யார்கிட்டயும் சொல்லல. பிரின்சிபாலுக்குத் தெரிஞ்சா உங்களைத்தானே திட்டுவாரு. நான் வேற சான்று தேடிக்கறேன்."

என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள். பதினைந்து வயசுப் பிள்ளை.

கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். "தொலையல. நான்தான் ஒளிச்சு வெச்சேன். உன்கிட்ட பொய் சொன்னேன். படி, ஏன்னு உனக்கே தெரியும்."

அங்கேயே நின்று படித்தாள். முகம் மாறியது. என்னைப் பார்க்காமல், "நான் இப்ப என்ன எழுதட்டும் மிஸ்?" என்றாள்.

"என்ன இருக்கோ அதை."

பிறகு பிரின்சிபாலிடம் நானே போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "உன்கிட்ட இதை எதிர்பார்க்கல வெர்னா" என்றார். எழுத்தில் தரச் சொன்னார். தந்துவிட்டேன்.

அக்டோபர் 10, புதன்

எடாலினும் நானும் ஈனாவிடம் போனோம். எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பதிவேட்டைக் கேட்டாள். படிக்கத் தெரியுமோ என்னவோ என்று நினைத்தேன் — வெட்கம், அப்படி நினைத்தது. விரல் வைத்துப் படித்தாள். தன் பெயரில் விரல் வெகுநேரம் நின்றது.

"நீங்க ஏன் யார்கிட்டயும் சொல்லல?" எடாலின் கேட்டாள்.

"யாரு சொன்னா சொல்லலன்னு? ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னைக்கே சொன்னேன். கடையில சொன்னேன், சர்ச்ல சொன்னேன். சிரிச்சாங்க. 'பொட்டச்சிக்கு ஆசையப் பாரு'ன்னாங்க. நான் வந்ததைப் பார்த்தது பட்டிஸ்ட்டும் ஹெஸ்கெத் அம்மாவும்தான்; பட்டிஸ்ட் அதுக்குள்ள மகன்கிட்ட லண்டன் போயிட்டாரு, அங்கேயே செத்தும் போனாரு. ஒரு வருஷம் சொன்னேன். அப்புறம் எனக்கே அலுத்துப் போச்சு."

என் பக்கம் திரும்பினாள். "உங்க வீட்டுக்காரன் என் வேலிப்பக்கம் வரும்போதெல்லாம் ஹாரன் அடிப்பான் டீச்சர். நான் கையத் தூக்கினதே இல்ல. கவனிச்சிருக்கீங்களா?"

கவனித்ததில்லை.

அக்டோபர் 29, திங்கள்

நாளை சுதந்திர வார விழாவில் எடாலின் தன் கட்டுரையைப் பள்ளி அரங்கில் வாசிக்கிறாள். ஹெஸ்கெத்திடம் சொன்னேன். "படிக்கட்டும்" என்றான். பிறகு, "என்னை மேடைக்குக் கூப்பிட வேணாம்னு நேத்தே போய்ச் சொல்லிட்டேன்" என்றான். யாரிடம், எப்படிச் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 30, செவ்வாய்

பிள்ளைகள் எல்லாம் சுதந்திர வாரத்துக்கென்று கட்டம்போட்ட மதராஸ் துணியில் வந்திருந்தார்கள். எடாலினின் குரல் முதல் பக்கம் முழுக்க நடுங்கியது. ஹெஸ்கெத் சொன்னதையும் வாசித்தாள், பதிவேட்டில் இருப்பதையும் வாசித்தாள், ஈனா சொன்னதையும் வாசித்தாள். யாரையும் திட்டவில்லை. "இந்தச் சான்று சில நாள் எனக்குக் கிடைக்காமல் இருந்தது" என்று ஒரு வரி. அதோடு விட்டுவிட்டாள்.

கைதட்டல் வரவில்லை. பின்வரிசையில் யாரோ, "செத்துப்போன ஆளு எழுதினதை நம்பி உயிரோட இருக்கறவன் மானத்தை வாங்கறாங்க" என்றார். ஈனா வரவில்லை. அடுப்பை விட்டு வர முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

நவம்பர் 6, செவ்வாய்

ஹெஸ்கெத்தின் வேன் பாதி இருக்கை காலியாக ஓடுகிறதாம். அவனாகச் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். என் பதவி உயர்வு இந்த வருஷம் கிடையாது. நேற்று அவன் ஈனாவின் வேலி வரை போய் நின்றிருக்கிறான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம். அதையும் பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாள்.

நவம்பர் 17, சனி

நூலகத்தைச் சுத்தம் செய்யப் போயிருந்தேன். வாசலில் ஈனாவின் அடுப்புக்கு முன்னால் ஒரு ஆள் நின்றிருந்தான். நல்ல பருமன், முப்பதுக்குள் இருக்கும். ஒபீலியாவின் இரட்டையரில் மூத்தவன். பக்கத்துத் தீவான குவாதலூப்பில் சித்தியிடம் வளர்ந்தவன். யாரோ எடாலினின் கட்டுரையை அனுப்பியிருக்கிறார்கள், படகேறி வந்திருக்கிறான். என்ன சொல்வதென்று தெரியாமல் தொப்பியைக் கையில் திருகிக்கொண்டிருந்தான்.

ஈனா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அன்னைக்கும் நீதான்டா கனம். உன் தம்பி ஒண்ணுமே இல்ல. உன்னாலதான் என் தோள் செத்துச்சு" என்றாள். அவன் அங்கேயே சுவரில் உட்கார்ந்து அழுதான். அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மதியம் சாப்பிடும்போது ஈனா சொன்னதை ஹெஸ்கெத்திடம் சொன்னேன்.

"என்னைப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லல."

கரண்டியை வைத்துவிட்டான். பிறகு கேட்டான், "அவ்வளவு கனமாவா இருந்துச்சு?"