வெளிறியதிலிருந்து கறுப்புக்கு

சிஸ்டர்ஸ், ஒரிகன்
மார்ச் 9

அன்புள்ள ஹாலிஸுக்கு,

நலம்தானே? தொலைபேசியில் நீ பேசியது எனக்குப் பாதிதான் கேட்டது. மீதியை நானாக இட்டு நிரப்பிக்கொண்டேன். உன் தொண்டைக் கரகரப்புக்கும் என் காதுக்கும் கடிதம்தான் சரிப்படும்.

பயணத் திட்டத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நான்கு முறை திருத்தி எழுதியும் சரியாக வந்திருக்கிறதா என்று தெரியவில்லை. பீர்க்கடைகளில் சிறு கிளாஸ்களைத் தட்டில் வரிசையாக வைத்துத் தருவார்களே, வெளிறியதில் தொடங்கிக் கறுப்பில் முடிகிற மாதிரி, அதே முறையில் ஊர்களை வரிசைப்படுத்தியிருக்கிறேன். முதல் நாள் ரெட்மண்டில் கோதுமை பீர். அடுத்து ஹூட் ரிவர், பிறகு யூஜீன் என்று நிறம் ஏறிக்கொண்டே போகும். கடைசி நாள் கடற்கரையில் டில்லமூக், உன் மகன் வேடின் கடை, புகையில் வாட்டிய தானியத்தில் அவன் வடிக்கிற புகை பீர். வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். கோழி கிளறின மாதிரி இருக்கிறது. சிரிக்காதே. புகை பீரை முதலில் குடித்துவிட்டால் அப்புறம் நாக்கில் வேறெதுவும் ஏறாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான்.

வண்டியை நான் ஓட்டுகிறேன். சாவி வைத்திருப்பவன் குடிக்கக் கூடாது. அதற்குக் கூலியாக வழியை அவனே தீர்மானிப்பான், மற்றவன் வாயைத் திறக்கக் கூடாது. நம் பழைய சட்டம். கடைக்கு ஒரு மடக்கு ருசி பார்த்தால் எனக்குப் போதும்.

ஏப்ரல் நடுவில் கிளம்பலாமா? கணவாயில் பனி உருகியிருக்க வேண்டும். டயரைப் பற்றித்தான் கொஞ்சம் கவலை. சூப் குடி, சுடச்சுட வேண்டாம்.

உன்
ஆர்வில்


பிரைன்வில்
மார்ச் 16

ஆர்வில்,

கோழி கிளறினதைப் பார்த்தேன். முப்பது வருஷம் ரசாயனம் சொல்லிக்கொடுத்தவன் கையில் வழியைக் கொடுத்தால் இப்படித்தான் வரும்.

கரகரப்பு இல்லையாம். புற்று. டாக்டர் பெண்ணுக்கு என் வண்டியைவிட வயது குறைவு. ஏப்ரல் 24 முதல் தொண்டைக்குக் கதிர்வீச்சு வைப்பார்கள். முதலில் போவது நாக்கின் ருசி; திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றாள். பீரில் போடுகிற ஹாப்ஸ் பூவை மோந்து பார்த்தே சம்பாதித்தவன் நான் என்று சொன்னேன். "அப்ப பிடிச்சதையெல்லாம் இப்பவே சாப்ட்டுருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வேட் கடை திறந்த அன்று நடந்தது உனக்குத் தெரியும். நீயும் பக்கத்தில்தான் நின்றாய். கூட்டம் நிறைந்த கடையில் அவன் முதல் கிளாஸை என் கையில் கொடுத்தான். "அடுப்புச் சாம்பலை அள்ளித் தண்ணில போட்ட மாதிரி இருக்குடா" என்றேன். ருசி பார்க்கக் கொடுத்தால் உள்ளதைச் சொல்வது என் தொழில். ஏழு வருஷம் அவன் என்னோடு பேசவில்லை. போன மாதம் ஒரு அட்டை வந்தது: 'புகை பீர் இப்போது வேறு மாதிரி. வந்து குடித்துப் பாருங்கள்.' அவ்வளவுதான்.

அதைக் குடித்துப் பார்க்க வேண்டும், ஆர்வில். நாக்கு இருக்கும்போதே. நோவு விஷயம் அவனுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் பீருக்காக வந்தேன் என்று நம்ப மாட்டான்; சாகப்போகிறவன் சமாதானத்துக்கு வந்திருக்கிறான் என்று நினைப்பான்.

சட்டத்தை மீறி ஒரு தடவை வாயைத் திறக்கிறேன். டில்லமூக்கை முதலில் வை.

ஹாலிஸ்


சிஸ்டர்ஸ்
மார்ச் 22

அன்புள்ள ஹாலிஸ்,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். என்ன எழுதினாலும் அற்பமாகத் தெரிகிறது. எனக்குத் தெரிந்த வேலையை மட்டும் செய்கிறேன்.

டில்லமூக்கை முன்னால் வைத்துப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. குளிர்காலம் முழுக்க நீ சூப்பும் மாத்திரையுமாக இருந்திருக்கிறாய். அந்த நாக்கோடு போய் உட்கார்ந்தால் மறுபடியும் சாம்பல் என்றுதான் சொல்லுவாய் என்று பயமாக இருக்கிறது. வெளிறியதில் தொடங்கிப் படிப்படியாக நாக்கைப் பழக்கிக்கொண்டு போனால்தான் அவன் பீருக்கு நியாயம் கிடைக்கும். 14ஆம் தேதி கிளம்பினால் 19ஆம் தேதி டில்லமூக்கில் இருப்போம். 24க்கு முன்னால் தாராளமாக அவகாசம் இருக்கிறது.

நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். நீ வற்புறுத்தினால் மாற்றிவிடுகிறேன்.

உன்
ஆர்வில்


பிரைன்வில்
மார்ச் 27

ஆர்வில்,

வற்புறுத்தவில்லை. சாவி உன்னிடம். என் கண்ணுக்கு லைசென்ஸ் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், இல்லாவிட்டால் நானே ஓட்டியிருப்பேன். பக்கத்து வீட்டு டோரீன் என் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். "எந்தப் பொண்ணோட ஓடிப்போறீங்க?" என்று கேட்கிறாள். உன் பெயரைச் சொன்னேன். "அப்ப பத்திரமாத்தான் போவீங்க, ஆனா போய்ச் சேரமாட்டீங்க" என்றாள்.

வந்து சேர்.

ஹாலிஸ்


சிஸ்டர்ஸ்
ஏப்ரல் 11

அன்புள்ள ஹாலிஸ்,

கோபிக்காதே. கணவாயில் மறுபடி பனி விழுகிறது. டயரில் சங்கிலி கட்டாமல் வண்டியை விட மாட்டார்களாம். சங்கிலி கட்டி ஓட்டி எனக்குப் பழக்கமில்லை. 17ஆம் தேதி வானம் தெளியும் என்கிறார்கள். அன்று காலை உன் வாசலில் நிற்பேன். அப்போதும் 22க்கு டில்லமூக் போய்விடலாம். வரிசை கெடாது.

உன்
ஆர்வில்


சிஸ்டர்ஸ், உன் வாசற்படி
மே 11, ஞாயிறு

ஆர்வில்,

நீ மாலை ஆறு மணிக்கே தூங்கிவிட்டாய். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு. கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தாலும் உனக்குக் கேட்டிருக்காது. டோரீன் வண்டியில் காத்திருக்கிறாள். மடியில் வைத்து எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் இடம் காலியாகி என்னை முன்கூட்டியே கூப்பிட்டுவிட்டார்கள். 17ஆம் தேதி நீ வண்டியோடு வந்து நின்றபோதே டோரீன் என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். மூன்று வாரத்தில் நாக்கு செத்துவிட்டது. காபி, உப்பு, பல் தேய்க்கிற பசை எல்லாம் ஒன்று, ஈர அட்டை. இருந்தும் இன்று டோரீனோடு டில்லமூக் போனேன். நீ கூட வர வேண்டாம் என்றுதான் உன்னிடம் சொல்லவில்லை.

வேட் தாடி வைத்திருக்கிறான். கதிர் பட்ட புண் தெரியாமல் என் கழுத்தில் கட்டியிருந்த துணியைப் பார்த்து என்ன என்றான். சளி என்றேன். அவனே கிளாஸைக் கழுவித் துடைத்துப் பிடித்துக் கொடுத்தான். குடித்தேன். ஈர அட்டை. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நல்லாருக்கு என்றேன்.

"நல்லாருக்குன்னு நீங்க எதையும் சொன்னதே இல்லையேப்பா. என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

சளி போகட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வருகிறானாம், கேட்டுக்கொள்ள. ஏழு வருஷத்துக்கு அப்புறம் வருகிறான்.

ஒரு குடுவை நிரப்பித் தரச் சொல்லி வாங்கி வந்தேன். இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எழுந்ததும் குடி. என்ன தெரிகிறது என்று உன் பாணியில் வரிசையாக எழுது. ஞாயிறுக்குள் என் கையில் இருக்க வேண்டும். அவனுக்கு நான் சொல்ல வேண்டும்.

இன்றைக்கே குடி.

ஹாலிஸ்


சிஸ்டர்ஸ்
மே 12

அன்புள்ள ஹாலிஸ்,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நேற்று ஏழரை மணிக்குக் குடுவையையும் கடிதத்தையும் கண்டேன். வெங்காய சூப் குடித்த நாக்கு என்னுடையது. அதோடு ருசி பார்ப்பது உனக்குச் செய்கிற துரோகம் என்று பட்டது. குடுவையும் குளிர்ந்து கிடந்தது. புகை பீரைக் குளிரக் குளிரக் குடித்தால் பாதி மணம் வெளியே வராது. காலையில் வெறும் நாக்கோடு, சரியான பதத்தில் குடிக்கலாம் என்று நினைத்துச் சமையலறையில் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். வேட் கழுத்துவரை நிரப்பி இறுக மூடியிருந்தான்.

விடிகாலையில் வெடித்தது. எனக்கே கேட்டது.

தரை முழுக்கக் கண்ணாடியும் நுரையும். துணி எடுத்தவன் துடைக்காமல் நின்றுவிட்டேன். பிறகு மண்டி போட்டேன். ஹீட்டருக்கு அடியில் கண்ணாடி இல்லாத ஒரு குழியில் கொஞ்சம் தேங்கியிருந்தது. விரலால் தொட்டு நக்கினேன். போதாமல் குனிந்து நாக்காலேயே எடுத்தேன்.

முதலில் புகை. அடுப்புப் புகை இல்லை. ஈர மரத்தை வெயிலில் போட்டுக் கொளுத்தினால் வருவது. அடுத்து கம்பு ரொட்டியின் கருகிய ஓரம். நடுவில் நாவல்பழத்தை ஒத்த துவர்ப்பு. பிறகு உப்பு, கடற்காற்றில் நின்றால் உதட்டில் படிகிற அளவுக்கு. கடைசியில் மெல்லிய எலுமிச்சை. என் தரை சோப்பிலும் எலுமிச்சை வாசம் உண்டு. இதில் எது உன் மகனுடையது, எது என் தரையுடையது என்று என்னால் அறுதியாகச் சொல்ல முடியவில்லை. எலுமிச்சையை விட்டுவிடு. உப்பு என் விரலில் கீறிய ரத்தமாகவும் இருக்கலாம்.

ஆனால் சாம்பல் இல்லை, ஹாலிஸ். அது மட்டும் உறுதி. நல்ல பீர் என்று நினைக்கிறேன்.

இதைத் திருத்தாமல் அனுப்புகிறேன்.

ஆர்வில்


பிரைன்வில்
மே 19

ஆர்வில்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். நேற்று வேட் வந்தான். சமையலறை மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். ஈர மரம், கம்பு ரொட்டியின் ஓரம், துவர்ப்பு, உப்பு, எல்லாம் சொன்னேன். அவன் முகம் மெல்ல மெல்லத் திறந்துகொண்டு வந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் எலுமிச்சையையும் சொல்லிவிட்டேன்.

"எலுமிச்சையா?" என்றான்.

நான் தண்ணீர்க் கிளாஸை எடுத்தேன்.

"பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கேப்பா. இது ஆர்வில் சார் சொன்னதுதானே?" எழுந்து வந்து என் கழுத்துத் துணியை அவனே அவிழ்த்துப் பார்த்தான். "எப்பலேர்ந்து?"

கதிர்வீச்சு ஏப்ரலிலிருந்து என்றேன். அவன் துணியை மடித்து மேஜைமேல் வைத்தான். எனக்கென்று தனியாக ஒரு பீப்பாய் வடித்து வைத்திருந்தானாம். அதுதான் சரியாக வந்த ஒன்று என்றான். "ஏப்ரல் கடைசி வரைக்கும் வச்சிருந்தேன். நீங்க வரலேன்னு வித்துட்டேன்." நான் கடையில் குடித்தது, நீ தரையில் நக்கியது, இரண்டுமே அது இல்லை.

பேசாமல் "இன்னமும் சாம்பல்தான்டா" என்று சொல்லியிருக்கலாம். கோபித்துக்கொண்டாலும் நம்பியிருப்பான்.

இனி வாரா வாரம் வருகிறானாம். எதற்கு வருகிறான் என்று எனக்குத் தெரியும். பீரைப் பற்றிக் கேட்க மாட்டான்.

பனியில் வண்டியை விட்டிருந்தால் நீ பள்ளத்தில் விழுந்திருக்கலாம். நீ நினைத்ததெல்லாம் நியாயம்தான். அதனால்தான் உன்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. உன் திட்டத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அழகான கையெழுத்து. சாவியை நீயே வைத்துக்கொள்.

இதற்குப் பதில் எழுத உட்காராதே. நீ திருத்தி முடிக்கிறவரை என்னால் காத்திருக்க முடியாது.

ஹாலிஸ்