மடித்துத் தைத்த திரை

அம்மாவுக்கு,

போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கொடுத்த எல்லாவற்றையும் விடுதி அறையில் வைத்துவிட்டேன். மாதா படம் ஜன்னலுக்கு மேலே. அப்பா டியூட்டிக்குக் கொண்டுபோன டிபன் கேரியரின் ஓர் அடுக்கில் என் பேனாக்கள். விடுதிப் பெண்கள் எல்லோரும் இப்போது எங்கள் அறையில்தான் வந்து உட்காருகிறார்கள். "இங்க வந்தா ஊட்டுக்கு வந்த மாதிரி இருக்குது" என்கிறார்கள்.

அப்பாவுக்குப் பிறகு சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று, "வெறுஞ்சுவரா இருந்தா படிக்கத் தோணாது சாமி, எல்லாத்தையும் நீயே எடுத்துக்க" என்றாய். நானும் சந்தோஷமாக எடுத்துக்கொண்டேன். போன ஞாயிறு கெங்கவல்லியில் நீ இப்போது இருக்கும் மாமா வீட்டுக்கு வந்தபோதுதான் பார்த்தேன். உன்னுடையது என்று அங்கே ஒரே ஒரு பெட்டி, அதுவும் கட்டிலுக்கு அடியில். நன்றி என்று சொல்லியிருந்தால் திட்டியிருப்பாய்.

கதவுத் திரைதான் பெரும் பாடு. குவார்ட்டர்ஸ் கதவு உயரம், இங்கே தரையில் புரண்டது. "வெட்டித் தைச்சிரு புள்ள" என்று அறைத்தோழி ஷிரீன் கத்தரியோடு வந்துவிட்டாள். அவள்மேல் எரிந்து விழுந்தேன், பாவம். நான் வெட்டவில்லை அம்மா. கீழே ஒரு சாண் மடித்து, பிரிக்கச் சுலபமாக நூலோட்டம் போட்டிருக்கிறேன்.

படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம். வேலை கிடைத்ததும் உயரமான வாசல் வைத்த வீடாகப் பார்ப்போம். அன்றைக்கு அந்தத் தையலை நீதான் பிரிக்க வேண்டும்.

அதுவரை உன் வீட்டைப் பத்திரமாக வைத்திருக்கும்
உன் மகள்