உன் மாமியாரின் கெண்டைக்கால்

முத்தியால்பேட்டை,
ஞாயிறு காலை.

அன்பு மகள் பூர்ணிமாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குழந்தையும் பாரிஸ் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே உன் அப்பா சுகம், வீடு சுகம், என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், மாப்பிள்ளை காதில் விழும், பாதியில் எனக்கு அழுகையும் வந்துவிடும். அதனால்தான் எழுதி, நானே படம் பிடித்து உனக்கு மட்டும் வாட்ஸப்பில் அனுப்புகிறேன். நடுவில் எரிச்சலாக இருந்தாலும் விடாமல் கடைசி வரை படி, இன்றைக்கே செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். தலைப்பிரசவம் தாய்வீட்டு உரிமை, உன்னால் இங்கே வர முடியாது, அதனால் தாய்வீடு அங்கே வரட்டும் என்றுதான் பல வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு நான் துணிந்தேன். நான் தேதி வாங்கிய சேதி தவளக்குப்பம் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, உன் மாமியார் அங்கம்மாளும் வேறொரு ஆஸ்பத்திரியில் தேதி வாங்கிவிட்டார். அதுவரை அவருக்கு மூட்டு வலி என்று யாராவது கேள்விப்பட்டோமா? சரி, இரண்டு பேருக்கும் ஒரே மாதத்தில் ஆபரேஷன் ஆனது. அவர் இன்றைக்குக் கம்பு இல்லாமல் மார்க்கெட் வரை நடந்து போய் மீன் வாங்கி வருகிறார், உனக்கு வீடியோ காலில் படி ஏறி இறங்கிக் காட்டினாராம், நீயும் சூப்பர் அத்தை என்று கை தட்டினாயாம். எனக்குத் தையல் ஓரத்தில் நீர் கசிந்து புண் ஆறவே நாளாயிற்று, பயந்துபோய்க் காலை மடக்காமலே கிடந்தேன். அப்போது பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தவர், அவசரப்படாதீங்க சம்பந்தி, முட்டிக்குக் கீழ தலகாணி வெச்சிக்கினு அக்கடான்னு படுங்கன்னு சொல்லிவிட்டுப் போனார். நானும் நம்பிப் படுத்தேன். அந்தம்மா மட்டும் வீட்டுக்கே ஆளை வரவழைத்து இரண்டு வேளையும் காலை மடக்கிப் பழகிக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்குப் பயிற்சி கொடுக்க வரும் தேவிப்பிரியா, தலகாணி வெக்கக் கூடாதுன்னு எத்தினி தடவ சொன்னேன், இப்ப பாருங்க முட்டி இறுகிப்போச்சின்னு தலையில் அடித்துக்கொண்டாள். எழுபது டிகிரிக்கு மேல் மடங்க மாட்டேன் என்கிறது. மறுபடி மயக்கம் கொடுத்து மடக்கிவிட வேண்டும், அதில் எலும்பு விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொல்கிறார். அப்படிச் செய்துகொண்டாலும் உன் பிரசவத்துக்குள் விமானத்தில் உட்காரும் நிலைக்கு நான் வர மாட்டேன். வருகிற வியாழக்கிழமை விமானம் ஏறப்போவது உன் மாமியார்தான். உன் முதுகை நீவிவிடப் போவதும், பிள்ளையை முதலில் குளிப்பாட்டப் போவதும் அவர்தான். அவர் வைக்கும் பூண்டுக் குழம்பில் எப்போதும் புளி தூக்கல், பிள்ளை பெற்றவளுக்கு அது ஆகுமா என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமே இல்லை.

நேற்று உனக்குக் கிளறிய பிரசவ லேகியத்தையும் துவைத்து வைத்த பழைய பருத்திப் புடவைத் துணிகளையும் கொடுத்தனுப்ப ஆட்டோவில் காலைக் குறுக்கே நீட்டிக்கொண்டு தவளக்குப்பம் போனேன். நான் செய்த லேகியம் அந்தம்மா பெட்டியில் போகிறதே என்று வழியெல்லாம் பொருமல். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியில் இடம் ஒதுக்கும்போது புடவை கொஞ்சம் ஏறியது, ஆபரேஷன் ஆன வலது காலைப் பார்த்தேன். கெண்டைக்கால் வீங்கி, தோல் மினுமினுவென்று இருந்தது. கையை வைத்தால் கொதிக்கிறது, அழுத்தினால் வலியில் முகம் சுளிக்கிறார். பொய் சொல்ல மாட்டேன் பூர்ணிமா, முதலில் என் மனசு குளிர்ந்தது. பிறகுதான் தேவிப்பிரியா எனக்குப் படித்துப் படித்துச் சொன்னது ஞாபகம் வந்தது. ஆபரேஷன் ஆன காலில் ரத்தம் கட்டிக்கொள்ளுமாம், அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலில் அடைத்தால் ஆளையே கொண்டுபோய்விடுமாம், விமானத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்தால் இன்னும் ஆபத்தாம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையைப் போடுகிறீர்களா என்று கேட்டேன். பல்லு விளக்கசொல்ல ஈறுல ரத்தம் வந்துச்சி, நானே நிறுத்திட்டேன்னு சாதாரணமாகச் சொல்கிறார்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கெஞ்சினேன். போனா பயணத்த நிறுத்திடுவாங்க சம்பந்தி, பெரிய மருமவளுங்க ரெண்டு பேரு பிரசவத்தயும் அவங்கவங்க அம்மாவே பாத்துக்கினாங்க, நான் ஒரு பேரப்புள்ளயக்கூடப் பொறந்த சூட்டோட தூக்கினதில்லன்னு சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு இருந்த அதே எரிச்சல் அந்தம்மாவுக்கும் இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது. அடுத்த நிமிஷமே சிரித்துக்கொண்டு, நீங்க போட்டுக் குடுத்தாலும் எம்புள்ள நம்ப மாட்டான், வர முடியாத பொறாமையில சொல்றாங்கன்னுதான் நெனைப்பான்னு சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னால், நீ வாயத் தொறக்காத, சம்பந்தி ஒறவே கெட்டுப்பூடும் என்கிறார். நான் கேட்பதாக இல்லை.

நீ செய்ய வேண்டியது இதுதான். என்னை நம்ப வேண்டாம், மாப்பிள்ளையையே அவர் அம்மாவை வீடியோ காலில் கூப்பிட்டு, இரண்டு காலையும் பக்கத்தில் வைத்துக் காட்டும்படி கேட்கச் சொல். பார்த்ததும் இங்கே இருக்கும் அவர் அண்ணனிடம் சொல்லி, வியாழக்கிழமை வரை காத்திராமல் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காலுக்கு ஸ்கேன் எடுக்க ஏற்பாடு செய். ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னால் அவரே வரட்டும், பிள்ளையை அவரே முதலில் தூக்கட்டும். எனக்கு எரியும், எரிந்துவிட்டுப் போகட்டும். பொறாமைப்படவாவது அந்தம்மா நன்றாக இருக்க வேண்டும். ரத்தக்கட்டு இருந்துவிட்டால் இரண்டு பேருமே உன் பக்கத்தில் இருக்க மாட்டோம், நீ தனியாகத்தான் பெற்றெடுக்க வேண்டியிருக்கும். அது தெரிந்தேதான் எழுதுகிறேன், அம்மாவை மன்னித்துக்கொள்.

இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, நீயாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதே. தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிரிந்து, தீர்க்காயுசோடு இருக்க இங்கிருந்தே என் ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கும் சொல். உங்கம்மா பொறாமையில் சொல்கிறார்கள் என்று அவர் சொன்னால் சண்டை போடாதே, ஆமாம் என்று ஒத்துக்கொள். ஒத்துக்கொண்டு, ஸ்கேன் எடுக்கச் சொல்.

இப்படிக்கு, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உன் அம்மா,
தனக்கொடி